இரண்டடி உயர இறக்கை எதற்கு?

கேள்வி: பேரனோடு உட்கார்ந்து 'கார்ஸ்' அனிமேஷன் படம் பார்த்தேன். அதில் 'தி கிங்' என்று நீல நிறத்தில் ஒரு பெரியவர் கார் வருகிறது. முன்னால் கூர்மூக்கு, பின்னால் விமானத்து வால் மாதிரி ஓர் இறக்கை. "நிஜமாவே இப்படி ஒரு கார் இருந்துச்சா தாத்தா?" என்று கேட்கிறான். இருந்ததா? யாராவது காசு கொடுத்து வாங்கினார்களா?
— வாசகர், திருப்பூர்

பதில்: இருந்தது. 1970 மாடல் பிளிமத் சூப்பர்பேர்டு. ஷோரூமில் விற்றார்கள், விற்றே ஆகவேண்டிய கட்டாயத்தில் பிறந்த கார் அது.

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் அப்போது ஒரு விதி. பந்தயத்துக்கென்று தனியாக ஒரு காரைச் செய்து கொண்டுவந்து நிறுத்த முடியாது. அதே காரைப் பொதுமக்களுக்கும் விற்க வேண்டும். 1969 வரை 500 கார் செய்தால் போதும். பிளிமத்தின் உடன்பிறப்பான டாட்ஜ், இதே கூர்மூக்கும் இறக்கையும் வைத்து 'சார்ஜர் டேட்டோனா' என்ற காரை 503 மட்டும் செய்து கணக்கை முடித்துக்கொண்டது. (இரண்டும் கிறைஸ்லர் குடும்பம்.) 1970 மார்ச் 24-ஆம் தேதி டல்லடேகா தடத்தில் படி பேக்கர் அந்த டேட்டோனாவை மணிக்கு 200.447 மைல் வேகத்தில் ஓட்டினார். நம் கணக்கில் 322 கிலோமீட்டருக்கும் மேல். நாஸ்கார் கார் ஒன்று 200 மைலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

பிளிமத்துக்கும் இப்படி ஒரு கார் செய்யும் ஆசை ஏன் வந்தது? காரணம் ஒரு மனிதர், ரிச்சர்ட் பெட்டி. பந்தயங்களில் பிளிமத் ஓட்டியே பெயர் வாங்கியவர். காற்றைக் கிழித்துப் போகிற கார் தனக்கும் வேண்டும் என்று கேட்டார். நிறுவனம் அசையவில்லை. 1969-இல் போட்டியாளரான ஃபோர்டுக்குப் போய்விட்டார். அப்புறம்தான் பிளிமத்துக்கு உறைத்தது. அவரைத் திரும்ப அழைத்துவரச் செய்த சீர்வரிசை என்றே சூப்பர்பேர்டைச் சொல்வேன்.

அதற்குள் நாஸ்கார் விதியை இறுக்கிவிட்டது: இரண்டு டீலருக்கு ஒரு கார் வீதம் செய்ய வேண்டும். ஆகவே சுமார் 1,920 கார்கள். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று பார்த்துப் போட்ட எண் அல்ல அது.

'ரோடு ரன்னர்' என்ற தங்கள் காரையே எடுத்து, டாட்ஜ் கோரொனெட்டின் பானெட்டை மாட்டி, அதன் முன்னால் மூக்கை ஒட்டினார்கள். காற்று வழுக்கிப்போகப் பின்கண்ணாடிப் பகுதியையும் மாற்றினார்கள். அங்கே பற்றவைத்த தழும்பை இழைத்துச் சீராக்க நேரமில்லை. அதனால் எல்லா சூப்பர்பேர்டுக்கும் கூரையில் கறுப்பு வினைல் போர்த்திவிட்டார்கள். இன்று அதை அழகு என்று ரசிக்கிறார்கள்!

இப்போது இறக்கைக்கு வருவோம். வேகத்தில் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்காமல் அழுத்திப் பிடிப்பது அதன் வேலை. அவ்வளவு உயரம் வைத்ததால் கூரையைத் தாண்டிக் கலையாமல் வரும் காற்று அதற்குக் கிடைத்தது. அதோடு டிக்கியும் முட்டாமல் திறந்தது. வீட்டுக்காரர் வாங்கும் காரில் டிக்கி திறக்க வேண்டுமே! கடைத்தெரு வேகத்தில் அந்த இறக்கையால் ஒரு பயனும் இல்லை.

வாங்கினார்களா என்றால், தயங்கினார்கள். பல கார்கள் டீலர் வாசலிலேயே வெயில் காய்ந்தன. மூக்கையும் இறக்கையையும் கழற்றிச் சாதாரண ரோடு ரன்னராக்கித் தள்ளிவிட்டவர்களும் உண்டு. 7 லிட்டர் ஹெமி எஞ்சினோடு வந்தவை 135 மட்டுமே. அவைதாம் இன்று ஏலத்தில் கோடிகளைத் தொடுகின்றன.

பந்தயத்தில் குறை வைக்கவில்லை. 1970-இல் 'டேட்டோனா 500' என்ற பந்தயத்தை சூப்பர்பேர்டுதான் வென்றது. ஆனால் ஓட்டியவர் பெட்டி அல்லர், அவருடைய அணியின் பீட் ஹாமில்டன். மறு ஆண்டே நாஸ்கார், இறக்கை வைத்த கார்களுக்கு எஞ்சின் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது என்றது. தடை என்ற சொல்லே இல்லாத தடை. அத்தோடு கதை முடிந்தது.

பேரனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 'தி கிங்' மேல் எழுதியிருக்கும் 43, பெட்டியின் பந்தய எண். அந்த நீலமும் அவருடையதே. ஆங்கிலப் படத்தில் அந்தக் காருக்குக் குரல் கொடுத்தவரும் ரிச்சர்ட் பெட்டிதான்.