ஒரே கிறிஸ்துமஸ், இரண்டு மனமாற்றங்கள்

கேள்வி: கிறிஸ்துமஸ் அன்று ஒரே நாளில் மனம் மாறியதாகச் சிலர் சொல்கிறார்களே, உண்மையிலேயே அப்படி யாராவது உண்டா?

பதில்: உண்டு. அதுவும் 1886ஆம் ஆண்டின் ஒரே கிறிஸ்துமஸில், பிரான்சில் இரண்டு பேர்!

பிற்காலத்தில் நாடகாசிரியரான பால் கிளோதெலுக்கு அப்போது 18 வயது. கடவுள் நம்பிக்கையை உதறியிருந்தவர். எழுதுவதற்கு ஏதாவது கிடைக்கும் என்றுதான் பாரிசின் நோத்ர் தாம் பேராலயத்துக்குப் போனார். காலைத் திருப்பலி அவரை அசைக்கவில்லை. வேறு வேலை இல்லாததால் மாலை வழிபாட்டுக்கும் வந்து, கூட்டத்தில் ஒரு தூணருகே நின்றார். சிறுவர் பாடகர் குழு மரியாளின் பாடலைப் பாடியபோது, அந்தக் கணத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது என்று பின்னாளில் எழுதினார்.

லிசியே நகரில் தெரேஸ் மார்ட்டின் 14 வயதை எட்டவிருந்தார். தமிழகத்தில் 'சிறுமலர்' என்று அறியப்படும் குழந்தை தெரேசாள் இவர்தான். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், பிள்ளைகளின் காலணிக்குள் பரிசு வைக்கும் வழக்கம் பற்றி அப்பா அலுத்துக்கொண்டது காதில் விழுந்தது. தொட்டதற்கெல்லாம் அழுகிற சுபாவம். அன்றோ கண்ணீரை அடக்கி, சிரித்த முகத்தோடு கீழே போய்ப் பரிசுகளைப் பிரித்தார். அதையே தன் முழு மனமாற்றம் என்று தன்வரலாற்றில் குறித்தார். 15 வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்தார்.

கிளோதெலுக்கு ஒரு நாள் போதவில்லை. இதயம் ஏற்றதை அறிவு ஏற்க நான்கு ஆண்டுகள் ஆயின. ஊரார் கேலி செய்வார்களோ என்ற கூச்சம் வேறு. 1890 கிறிஸ்துமஸ் அன்று அதே பேராலயத்தில் நற்கருணை வாங்கினார். பிறகு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிரான்சின் தூதராகப் பணியாற்றியபடியே நாடகங்கள் எழுதினார்.