கையோடு கண்ணும் போகட்டும்

சிங்கப்பூர்

அன்பு மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இத்தனை காலமும் ஜப்பானிலேயே செய்துவந்த விலை உயர்ந்த லென்ஸ் வரிசையை உங்கள் கம்பெனி தாய்லாந்துக்கு மாற்றப்போவதாகவும், அதை நடத்திக் கொடுக்கும் குழுவில் உன்னைப் போட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். பதவி உயர்வுதான், ஆனாலும் மனம் ஒப்பவில்லை என்கிறாய். தரம் கெட்டால் பழி உன் தலையில் விழும். கெடாமல் நடந்துவிட்டால், உனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர்களின் வேலை போகும். இரண்டில் எதற்குத் துணைபோவது என்று கேட்கிறாய். இங்கே லென்ஸ் சோதிக்கும் மேசையில் உட்கார்ந்தே வயதாகிப் போனவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

தாய்லாந்தில் செய்தால் தரம் கெட்டுவிடும் என்ற பயத்தை முதலில் விடு. நீ இப்போது வேலை செய்யும் ஜப்பானையே ஒரு காலத்தில் உலகம் அப்படித்தான் பேசியது. நிகான் கம்பெனி 1917-ல் நிப்பான் கோகாகு என்ற பெயரில் தொடங்கியது. 1921-ல் எட்டு ஜெர்மன் பொறியாளர்களை வரவழைத்து வேலை கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் மேற்கில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. 1950-ல் லைஃப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தபோது, ஜுன் மிக்கி என்ற இளம் ஜப்பானியர் அந்தக் கம்பெனியின் நிக்கோர் லென்ஸில் எடுத்த படம் ஒன்றைப் பார்த்தார். அதன் கூர்மையில் அசந்துபோய் நேரே தொழிற்சாலைக்கே போனார். ஜெர்மன் லென்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியடைந்த பிறகு, கொரியப் போர்க்களத்துக்கு நிக்கோரைக் கொண்டுபோனார். ஜப்பானிய லென்ஸின் பெயர் மாறியது அப்போதுதான். கண்ணாடி அதற்கு முன்பே நன்றாகத்தான் இருந்தது.

1970-களில் ஜெர்மன்காரர்களே ஜப்பானுக்கு வந்தார்கள். ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியின் பெயர் தாங்கிய கான்டாக்ஸ் லென்ஸ்களில் பெரும்பாலானவை, யாஷிகாவோடு செய்த ஒப்பந்தப்படி 1975 முதல் ஜப்பானில் செய்யப்பட்டன. ஜெர்மனிக்கு அன்று ஜப்பான்தான் மலிவு நாடு. அப்புறம் 1985-ல் பிளாசா ஒப்பந்தம் வந்தது. ஒரு டாலருக்கு 240 யென் என்றிருந்தது இரண்டே ஆண்டில் 150-க்குக் கீழே இறங்கிவிட்டது. உள்ளூரில் செய்து வெளியூரில் விற்ற ஜப்பானியக் கம்பெனிகளுக்கு மூச்சு முட்டியது. 1990-ல் நிகான் தாய்லாந்தின் அயுத்தயாவில் கால் வைத்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். 2021-ஐ ஒட்டி, ஜப்பானின் சென்டாயில் நிகான் செய்துவந்த கேமரா உடல் கட்டும் வேலையும் அங்கேயே போய்விட்டது. மலிவு நாடு என்று நிலையாக ஒன்று கிடையாது. இன்றைக்கு மலிவாக இருப்பது நாளைக்கு இருக்காது. அங்கே கற்றுக்கொண்டவர்கள் இருப்பார்கள்.

ஆக, இடத்தைப் பற்றிக் கவலைப்படாதே. உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. அதைச் சொல்ல வேலையின் உள்ளேயே போக வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நான் பார்த்த கோணத்தில் கேள்.

கண்ணாடிக் கட்டியை வளைவாக அரைக்கிறோம். சீரியம் ஆக்சைடு குழம்பில் பாலிஷ் போடுகிறோம். விளிம்பைச் சீவி மையம் பிடிக்கிறோம், வெற்றிட அறையில் கோட்டிங் ஏற்றுகிறோம், வில்லைகளை ஒட்டி, விளிம்புக்குக் கறுப்புப் பூசி, குழலில் அடுக்குகிறோம். இதில் பெரும்பகுதி இன்று இயந்திர வேலை. பணம் இருந்தால் அதே இயந்திரத்தை எந்த ஊரிலும் வாங்கி நிறுத்தலாம். அளப்பதும் அப்படித்தான். முன்பெல்லாம் மாதிரிக் கண்ணாடியை மேலே வைத்து, சோடியம் விளக்கின் அடியில் நியூட்டன் வளையங்களை எண்ணுவோம். ஒரு வளையம் கூடினால் ஏறக்குறைய 0.3 மைக்ரான் பிழை. இப்போது இன்டர்ஃபெரோமீட்டர் அதைக் கணத்தில் சொல்லிவிடுகிறது.

எல்லாம் முடிந்து லென்ஸ் மேசைக்கு வரும்போதுதான் மனிதர் தேவைப்படுகிறார். ஒவ்வொரு வில்லையும் வரம்புக்குள் இருக்கிறது, ஒவ்வொரு வளையமும் சரியாக இருக்கிறது, ஆனால் எல்லாச் சின்னப் பிழையும் ஒரே பக்கம் சேர்ந்து படத்தின் வலது மூலை கொஞ்சம் மங்கிவிட்டது. எந்த வில்லையைச் சுழற்றிப் பார்ப்பது, எதை எத்தனை மைக்ரான் நகர்த்துவது, எப்போது கழற்றி முதலிலிருந்து அடுக்குவது என்பதெல்லாம் பழகப் பழகத்தான் வரும். அதைவிடக் கடினம் அடுத்தது. மாதக் கடைசி. ஏற்றுமதிக்கு எண்ணிக்கை குறைகிறது. கையில் இருக்கும் லென்ஸ் காகிதத்தில் பாஸ். உன் கண்ணுக்கு மட்டும் அது சரியில்லை. அதை ஒதுக்கிவைக்கும் உரிமை யாருக்கு?

விலை உயர்ந்த லென்ஸின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, கண்ணு. ஒதுக்குவதற்கு ஒவ்வொரு முறையும் ஜப்பானுக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும் என்று வைத்தால், மூன்றாவது மாதத்திலேயே அங்கே சோதிக்கும் பெண்கள் ஒதுக்குவதை நிறுத்திவிடுவார்கள். கவனம் குறைந்ததாலோ திறமை போதாததாலோ அப்படி நடப்பதில்லை. கேட்டுக் கேட்டு, பதில் வராமல், பதில் வந்தாலும் அதட்டலாக வந்து, இனிக் கேட்பதில் பயனில்லை என்று கற்றுக்கொள்வார்கள். பிறகு ஜப்பானில் யாராவது ஒருவர், பார்த்தீர்களா, அங்கே செய்தால் இப்படித்தான் என்பார். அந்தப் பேச்சு எவ்வளவு வலிக்கும் என்பது இந்தப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ரோலை இங்கே வந்து போன கதையைச் சொல்கிறேன், உன் அப்பாவுக்கும் தெரியும். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துக் கம்பெனி. இரட்டை லென்ஸ் ரோலைஃப்ளெக்ஸால் உலகமெங்கும் பெயர் பெற்றது. ஜெர்மனியில் கூலியும் மார்க்கின் மதிப்பும் ஏறியதும், 1970-ல் சிங்கப்பூரில் தொழிற்சாலை போட ஆரம்பித்தது. ஹைன்ஸ் வாஸ்கே வடிவமைத்த உள்ளங்கை அளவு ரோலை 35 இங்கே வந்தது. ஸைஸ் உரிமம் பெற்ற லென்ஸ்களையும் இங்கேயே செய்தார்கள். உச்சத்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். தொழிற்சாலை தொடங்கியபோது நாடு சுதந்திரம் பெற்று ஐந்தாறு ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தச் சம்பளம் எத்தனை வீடுகளில் அடுப்பெரிய வைத்தது என்று சொல்லி முடியாது. 1973-ல் அரசோடு சேர்ந்து ஒரு பயிற்சி மையமும் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் கடைசலும் அச்சு வார்ப்பும் முறையாகக் கற்றது அப்படிப்பட்ட இடங்களில்தான்.

1981-ல் ரோலை நொடித்தது. இங்கிருந்த தொழிற்சாலையும் மூடப்பட்டது. சிங்கப்பூரில் செய்ததால்தான் விழுந்தது என்று இன்றும் சொல்வோர் உண்டு. அது அநியாயம். தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டிய தொழிற்சாலை, ஒன்றன்மேல் ஒன்றாக அவிழ்த்துவிட்ட மாடல்கள், மின்னணுவிலும் விலையிலும் முந்திக்கொண்ட ஜப்பானியக் கேமராக்கள், ஏறிக்கொண்டேயிருந்த மார்க் எல்லாமாகச் சேர்ந்து அதைச் சாய்த்தன. எதைச் செய்வது என்ற முடிவெல்லாம் பிரவுன்ஷ்வைக்கில் எடுக்கப்பட்டது. இங்கே இருந்தது கை. நான் வேலைக்குச் சேர்ந்தது வேறோர் இடத்தில். எனக்கு வளையம் எண்ணச் சொல்லிக்கொடுத்தவர்களில் சிலர் ரோலையில் பழகியவர்கள். அவர்கள் கண் எவ்வளவு துல்லியம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கண்ணைக் கேட்டு ஒரு மாடலாவது மாற்றப்பட்டதா என்பதுதான் என் மனதில் நிற்கும் கேள்வி. அந்தத் தொழிற்சாலைகளில் துல்லிய வேலை கற்றவர்களை வீணாக்காமல் அடுத்து வந்த தொழில்கள் எடுத்துக்கொண்டன. 1982-ல் ஹார்ட் டிஸ்க் செய்ய சீகேட் வந்தபோது, மைக்ரான் என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை கனடாவில் நடந்தது. லைக்கா செய்யும் லைட்ஸ் கம்பெனி 1952-ல் ஒன்டாரியோ மாகாணத்தின் மிட்லண்டில் கிளை தொடங்கியது. கூலிக்காகப் போனதல்ல அது. பனிப்போர் பயமும் அமெரிக்கச் சந்தையும்தான் காரணம். ஆனால் போனபோது கருவிகளோடு ஆட்களையும் அனுப்பினார்கள். ஜெர்மனியில் லைட்ஸின் தாய்வீடான வெட்ஸ்லாரிலிருந்து போன வால்டர் மாண்ட்லர் அங்கேயே தங்கி லென்ஸ் வடிவமைத்தார். 1966-ல் வெட்ஸ்லார் வெளியிட்ட நாக்டிலக்ஸ் லென்ஸின் திறப்பு எஃப் 1.2. அதில் கோளமல்லாத வளைவுகளைக் கையால் அரைக்க வேண்டியிருந்ததால், செய்து முடிப்பதே பெரும்பாடு. மிட்லண்டில் மாண்ட்லர் வெறும் கோள வளைவுகளை மட்டும் வைத்து, உயர்ந்த ஒளிவிலகல் உள்ள கண்ணாடிகளைக் கொண்டு எஃப் 1 திறப்புள்ள நாக்டிலக்ஸை வரைந்தார். 1970-களின் நடுவில் வந்த அந்த லென்ஸ் 2008 வரை விற்பனையில் இருந்தது. தாய்வீடு தடுமாறிய இடத்தில், இன்னும் பெரிய திறப்பை, செய்ய எளிதான வடிவத்தில் கிளை தந்தது. லைக்காவின் எம்5 கேமரா விற்காமல் எம் வரிசையே நின்றுவிடுமோ என்ற நிலை வந்தபோது, எம்4-2 உருவானதும் மிட்லண்டில்தான்.

போர்ச்சுக்கலையும் பார். 1973-ல் லைட்ஸ் வில நோவ டி ஃபமலிக்காவுக்குப் போனது. இது கூலிக்காகப் போனதுதான். அடுத்த ஆண்டே அங்கே புரட்சி வந்தது. விட்டு ஓடவில்லை. 2013-ல் அங்கேயே புதுக்கட்டடமும் கட்டினார்கள். இத்தனை ஆண்டு ஒரே ஊரில் இருந்தால் அம்மா, பிள்ளை என்று இரண்டு தலைமுறைக்குக் கை பழகிவிடும்.

போகாமலே இருந்தவர்களும் உண்டு. சிக்மா 1973 முதல் ஃபுகுஷிமாவின் ஐஸுவிலேயே செய்கிறது, நல்ல லென்ஸ்தான். அது குடும்பக் கம்பெனி, அவர்களால் முடிகிறது. உங்கள் கம்பெனி முடிவெடுத்துவிட்டது. அதை மாற்றும் இடத்தில் நீ இல்லை. எப்படி மாற்றுவது என்பதில் உனக்கு வாய் இருக்கிறது. அந்த வாயைத் திற.

முதலில் ஒதுக்கும் உரிமையைக் கேள். தாய்லாந்தின் சோதனைத் தலைவி வேண்டாம் என்று சொன்ன லென்ஸை ஜப்பானிலிருந்து யாரும் அனுப்பச் சொல்லக் கூடாது. இதை எழுத்தில் வாங்கு. வாய்மொழி உறுதி முதல் ஏற்றுமதி நெருக்கடி வரைக்கும்தான் நிற்கும்.

அடுத்தது நேரம். கூலியில் மிச்சமாகும் பணம் முழுக்க லாபக் கணக்குக்குப் போனால், பழைய வேகத்திலேயே புது ஆட்களை ஓடவைப்பார்கள். அந்த மிச்சத்தில் ஒரு பங்கைச் சரிசெய்யும் மேசைக்கே திருப்பு. ஒரு லென்ஸுக்கு ஜப்பானில் கொடுக்கும் நிமிடங்களைவிட அங்கே கூடுதலாகக் கொடுக்க முடியும். ஜப்பானில் செலவு கட்டாது என்று ஒதுக்கிய லென்ஸைக்கூட அங்கே மறுபடி அடுக்கிக் காப்பாற்றலாம். மலிவு நாட்டுக்குப் போவதால் தரம் உயர்வதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான். இதைச் சொல்லும் பொறியாளரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி அந்தப் பெரியவர்கள். அவர்களிடம் எதையும் மறைக்காதே. பயிற்சி கொடுங்கள் என்று மட்டும் சொல்லி, கொடுத்து முடித்ததும் வீட்டுக்கு அனுப்புவது பாவம். யாருக்கு எத்தனை ஆண்டு வேலை இருக்கிறது என்று கம்பெனி முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று நீ கேள். விருப்பம் உள்ளவர்களை முழுச் சம்பளத்தோடு, குடும்பத்தோடு, ஆசிரியர்களாகத் தாய்லாந்துக்கு அனுப்பச் சொல். இரண்டு இடத்திலும் ஒரே லென்ஸைக் குறைந்தது ஓராண்டு சேர்ந்து செய்து, அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத விஷயங்கள் அப்போதுதான் வெளியே வரும். எந்தத் திருகை எந்த வரிசையில் இறுக்குவது, ஒட்டியதை எத்தனை நேரம் தொடாமல் வைப்பது, மழைக்காலத்தில் எதை மாற்றுவது என்பதையெல்லாம் யாரும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள். எழுதும்போது சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுது.

வெள்ளத்தை மறக்காதே. 2011 அக்டோபரில் அயுத்தயாவின் ரோஜனா தொழிற்பேட்டை மூழ்கியபோது நிகான் தொழிற்சாலையும் நின்றுபோனது. 2012 ஜனவரியில்தான் வேலை மெல்லத் தொடங்கியது. மாதிரிக் கண்ணாடிகளுக்கும் அச்சுகளுக்கும் இன்னொரு ஊரில் ஒரு தொகுதி இருக்கட்டும். மையம் பிடிக்கும் கருவிகளை மேல்மாடியில் வைக்கச் சொல்.

எங்கே செய்தது என்பதை லென்ஸில் தெளிவாகப் பொறிக்க வேண்டும் என்பதிலும் விட்டுக்கொடுக்காதே. ஒளிக்கப் பார்த்தால், செய்தவர்களைப் பற்றிக் கம்பெனியே வெட்கப்படுவதாக ஆகிவிடும். வாங்குபவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். படத்தைப் பார்த்த பிறகு அது அடங்கும்.

தாய் மொழி கற்றுக்கொள். ஜப்பானியம் கற்ற உனக்கு அது முடியும். மொழிபெயர்ப்பாளர் வழியாக வரும் சந்தேகம் பாதிதான் வந்து சேரும். முதல் ஆண்டு உன் மேசை அலுவலக அறைக்குள் இருக்கக் கூடாது, சோதனைப் பிரிவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மூன்றாம் ஆண்டுக்குள் ஒரு சின்ன லென்ஸையாவது முழுக்க அங்கேயே வடிவமைக்க விடுங்கள் என்று இப்போதே திட்டத்தில் எழுதவை. உங்கள் மேலாளர் சிரிக்கலாம். மாண்ட்லர் கதையை அவரிடம் சொல்.

ஒதுக்கும் உரிமை, கூடுதல் நிமிடம், பெரியவர்களின் ஏற்பாடு. இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால் தயங்காமல் போ. வராவிட்டால் அந்தப் பொறுப்பு வேண்டாம் என்று சொல்லிவிடு. வேறு வேலை கிடைக்கும் வரை இங்கே வந்து என்னோடு இரு, உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கூட்டம் முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
அத்தை