போர்டு தெரியவில்லை

தோப்பும்படி பஸ் ஸ்டாப். மாலை ஐந்து மணி. எங்கள் மையத்தில் படிக்கும் ஓர் அக்கா மட்டாஞ்சேரி பஸ்ஸுக்காகக் காத்து நின்றார். கூடவே அவர் மகளும் நின்றாள். நானும் அவர்களோடு நின்றேன்.

அக்கா வெளி மைதானத்துக்கு அருகே உள்ள டோபிகானாவில் வேலை செய்கிறார். துணி துவைப்பார். இஸ்திரி போடுவார். தலைமுறை தலைமுறையாக அவர்கள் குடும்பத்துக்கு இதே தொழில். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து முன்னோர் வந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. ஒரு வருடமாகத்தான் எங்கள் மையத்துக்கு வருகிறார். இப்போது தமிழ் வாசிக்கிறார். மலையாளத்தில் பஸ் போர்டும் வாசிக்கிறார்.

தூரத்தில் ஒரு பஸ் திரும்பியது. "மட்டாஞ்சேரி!" என்றார் அக்கா. அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

மகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எங்கேம்மா? எனக்கு எழுத்து தெரியலையே" என்றாள்.

அக்காவின் முகம் வாடிவிட்டது.

"பார்த்தீங்களா டீச்சர்? நான் ஒரு வருஷம் படிச்சேன். வாசிக்கிறேன். இவ ஆறாம் கிளாஸ். இன்னும் எழுத்து தெரியலைங்கிறா. ஸ்கூல்லயும் போர்டைப் பார்த்து எழுத மாட்டாளாம். பக்கத்துப் பிள்ளையோட நோட்டைப் பார்த்துத்தான் எழுதுறாளாம். படிப்பு ஏறலை. நிறுத்திட்டு வேலைக்குத் துணையா வச்சுக்கலாம்னு இருக்கேன்."

என் பையில் ஒரு கதைப் புத்தகம் இருந்தது. அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் அதை மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். மடமடவென்று வாசித்தாள். ஒரு தவறும் இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் எழுத்து தெரியாதவள் அல்ல. எழுத்து கண்ணுக்குத் தெரியாதவள். நானும்கூட அவளைச் சோம்பேறி என்று நினைத்திருந்தேன்.

மறுவாரம் மூவரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண் பரிசோதனை செய்தார்கள். "கிட்டப்பார்வை. இரண்டு கண்ணிலும் மைனஸ் 2. கண்ணாடி போட வேண்டும்" என்றார் டாக்டர்.

கிட்டப்பார்வை என்றால் என்ன?

கிட்டத்தில் உள்ளது நன்றாகத் தெரியும். தூரத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும். இதுதான் கிட்டப்பார்வை.

சினிமாக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். பின்னால் இருந்து ஒளி வருகிறது. முன்னால் உள்ள திரையில் படம் விழுகிறது. படம் சரியாகத் திரையில் விழுந்தால் தெளிவாக இருக்கும். திரையைப் பின்னால் தள்ளி வைத்தால் படம் மங்கிவிடும்.

நம் கண்ணும் அப்படித்தான். கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. கண்ணின் பின்பக்கம் விழித்திரை இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளி விழித்திரையில் படமாக விழுகிறது.

பிறந்த குழந்தையின் கண் முன்பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்தவருக்குச் சுமார் 24 மில்லிமீட்டர். சில குழந்தைகளுக்குக் கண் அளவுக்கு மேல் நீண்டுவிடுகிறது. அப்போது திரை பின்னால் போய்விடுகிறது. படம் திரைக்கு முன்பே விழுந்துவிடுகிறது. கண் 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே போதும். சுமார் மைனஸ் இரண்டரை அளவுக்குப் பார்வை மங்கிவிடும்.

மைனஸ் 2 என்றால் என்ன? கண்ணாடி இல்லாமல் அரை மீட்டர் தூரம் வரைதான் தெளிவு. அதற்கு அப்பால் எல்லாம் மங்கல். வகுப்பில் போர்டு அரை மீட்டர் தூரத்திலா இருக்கிறது?

நீண்டுபோன கண் மறுபடி சுருங்காது. அதனால் வருமுன் காப்பது முக்கியம்.

நம் மையத்தில் 40 வயதைக் கடந்த பலருக்கு வேறு குறை உண்டு. புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். அது வெள்ளெழுத்து. வயதானால் எல்லோருக்கும் வருவது. கிட்டப்பார்வை அதற்கு நேர் எதிர். பெரும்பாலும் பள்ளி வயதில் தொடங்கும். பிள்ளை வளர வளர அதுவும் கூடும்.

"படிப்பை நிறுத்துறதுதானே சரி?"

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அக்கா கேட்டார்:

"எங்க வீட்ல யாருக்கும் கண்ணாடி இல்ல டீச்சர். எங்க அம்மாவுக்கு எழுபது வயசு. கடல்ல தூரத்துல வர்ற படகைச் சொல்லிடுவாங்க. நாங்க யாரும் படிக்கல. கண் நல்லா இருக்கு. இவ படிச்சா. கண் போச்சு. அப்ப படிப்பை நிறுத்துறதுதானே சரி?"

நல்ல கேள்வி. இதற்கு வழவழவென்று பதில் சொல்லக் கூடாது.

அக்கா சொன்னதில் பாதி உண்மை. தாய் தந்தைக்குக் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆனால் வம்சம் மட்டும் காரணம் இல்லை. வாழும் முறையும் காரணம்.

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே இந்திய வம்சத்தார் பலர் இருக்கிறார்கள். அவர்களில் தமிழர் நிறையப் பேர். அந்த இந்திய இளைஞர்களில் 100க்குச் சுமார் 69 பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. 2001இல் வெளியான ஆய்வு இதைச் சொல்கிறது. டில்லியில் எய்ம்ஸ் மருத்துவமனையினர் 5 முதல் 15 வயதுப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். 100க்குச் சுமார் 13 பேருக்கு இருந்தது. அது 2015இல் வெளியானது. இரண்டு இடத்திலும் வயது வேறு. அதனால் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் வித்தியாசம் மிகப் பெரிது. ஒரே நாட்டு வம்சம். வாழ்க்கை வேறு.

சரி, வாழ்க்கையில் எது வேறு? படிப்பா?

2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சீன வம்சத்துக் குழந்தைகள். 6, 7 வயது. ஒரு பகுதியினர் சிங்கப்பூரில் வாழ்பவர்கள். மறு பகுதியினர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வாழ்பவர்கள். சிங்கப்பூரில் 100க்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 100க்கு 3 பேருக்குத்தான்.

சிட்னிக் குழந்தைகள் படிக்காதவர்களா? இல்லை. அவர்கள் வாரத்துக்கு இன்னும் அதிகப் புத்தகம் வாசித்தார்கள். அப்படியானால் என்ன வித்தியாசம்? சிட்னிக் குழந்தைகள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்க் குழந்தைகள் 3 மணி நேரம் இருந்தார்கள்.

வெளிச்சம் என்ன செய்கிறது?

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவால் அளக்கிறார்கள். டியூப் லைட் போட்ட அறையில் 200, 300 லக்ஸ் இருக்கும். வெளியே பகலில் 10,000 லக்ஸைத் தாண்டும். உச்சி வெயிலில் 1 லட்சம் வரை போகும். மரநிழலில்கூட அறையைப் போலப் பல மடங்கு வெளிச்சம் உண்டு.

நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற பொருள் சுரக்கிறது. அது கண் அளவுக்கு மேல் நீளாமல் தடுக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

சீனாவில் குவாங்சோ என்ற நகரம். அங்கே 12 பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். 6 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மற்ற 6 பள்ளிகளில் பழையபடியே விட்டுவிட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தார்கள். வெளியே விட்ட பள்ளிகளில் 100க்கு 30 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் 100க்கு 39 பேருக்கு மேல் வந்திருந்தது.

40 நிமிடத்துக்கு இவ்வளவு பலன். செலவு ஒரு பைசா இல்லை.

புத்தகத்தையும் செல்போனையும் கண்ணுக்கு மிக அருகே வைத்துக்கொண்டு, இடைவிடாமல் வெகு நேரம் பார்ப்பதும் கண்ணுக்குக் கெடுதல்தான். அதற்காகப் படிப்பையே நிறுத்த வேண்டாம். உட்காரும் முறையை மாற்றினால் போதும்.

அந்தப் பெண்ணின் ஒரு நாள்

அக்காவும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

காலையில் பள்ளி. மாலையில் டியூஷன். பிறகு வீடு. மட்டாஞ்சேரியில் குறுகலான சந்து. ஒற்றை அறை. ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். பகலிலும் லைட் போட வேண்டும். படிப்பு முடிந்தால் செல்போன்.

விளையாட்டு? "பத்து வயசுக்கு மேல பொம்பளைப் பிள்ளைய வெளியே விடுறதில்ல" என்றார் அக்கா.

அக்காவின் அம்மா சின்ன வயதில் நாள் முழுக்கத் துணி காயும் திடலில் ஓடித் திரிந்தவர். பேத்தி அறைக்குள் வளர்கிறாள். பாட்டிக்குக் கிடைத்தது வெளிச்சம். பேத்திக்குக் கிடைத்தது படிப்பு. நாம் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பிடுங்கிவிட்டோம். இரண்டையும் கொடுக்க முடியாதா?

முடியும். நம் எறணாகுளம் 1990இல் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் ஆனது. கஷ்டப்பட்டுப் பெற்ற எழுத்தை ஒரு பெண்ணிடமிருந்து திரும்ப வாங்க வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்?

1. பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விடுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்கு. பள்ளி இடைவேளையும் நடந்து போகும் நேரமும் சேர்த்தால் போதும்.

2. உச்சி வெயில் வேண்டாம். காலையும் மாலையும் நல்லது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.

3. மழைக்காலத்தில் என்ன செய்வது? மழை விட்ட நேரத்தில் வெளியே அனுப்புங்கள். மேகம் மூடிய பகலிலும் வெளியே வெளிச்சம் அதிகம். வாசல் திண்ணை அறையைவிட மேல்.

4. புத்தகத்துக்கும் கண்ணுக்கும் ஒரு அடிக்கு மேல் இடைவெளி வேண்டும். முழங்கையை ஊன்றி, மூடிய கையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். அதுதான் தூரம்.

5. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து, தூரத்தில் உள்ள மரத்தையோ கோபுரத்தையோ பார்க்க வேண்டும்.

6. படுத்துக்கொண்டு, இருட்டில் செல்போன் பார்க்க விடாதீர்கள். சின்னக் குழந்தையின் அழுகையை நிறுத்தப் போனைக் கொடுக்காதீர்கள்.

7. வருடம் ஒரு முறை கண்ணைச் சோதிக்க வேண்டும். அரசின் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை உண்டு. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடியும் உண்டு. பள்ளியில் கேளுங்கள்.

இவை உண்மையா?

"கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெடும்." இல்லை. கண்ணாடி படத்தைத் திரையில் சரியாக விழச் செய்கிறது. அவ்வளவுதான். போடாமல் இருந்தால் பிள்ளையின் படிப்புத்தான் கெடும்.

"முருங்கைக்கீரை சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம்." இல்லை. கீரை நல்லது. மாலைக்கண் வராமல் காக்கும். நீண்ட கண்ணைக் கீரை சுருக்காது.

"தேன், வெங்காயச் சாறு, தாய்ப்பால் விட்டால் சரியாகும்." ஆகாது. கண்ணில் புண் வரும். எந்தச் சொட்டு மருந்தையும் டாக்டர் சொல்லாமல் விடக் கூடாது.

"கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டிக்கொள்வார்?" படித்த பெண்ணுக்குக் கண்ணாடி ஒரு குறை இல்லை. பார்வை தெரியாமல் படிப்பை விட்ட பெண்ணுக்கு வாழ்நாள் முழுதும் குறை.

ஓர் எச்சரிக்கை. மைனஸ் 6க்கு மேல் போனவர்களுக்கு விழித்திரை கிழியும் ஆபத்து அதிகம். கண்ணில் மின்னல் போல வெட்டினாலோ, திடீரென்று நிறையக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தது போல இருந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கண்ணாடி வந்த நாள்

கண்ணாடி வந்ததும் அந்தப் பெண் டோபிகானாவுக்கு ஓடி வந்தாள். அங்கே துணி காயப்போடக் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்குள் துணி நுனியைச் செருகுவார்கள். அவள் வாசலில் நின்றபடியே கத்தினாள்:

"அம்மா! கயிறு முறுக்கியிருக்கிறது இங்கிருந்தே தெரியுது!"

அக்கா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெயில் அவள் கண்ணைப் பழையபடி ஆக்காது. அதை அக்காவிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடி வேண்டும். வருடா வருடம் பரிசோதனையும் வேண்டும். ஆனால் அவளுக்கு ஐந்து வயதுத் தம்பி இருக்கிறான். அவன் கண் இன்னும் கெடவில்லை. வெளிச்சத்தால் அதிகப் பலன் அவனுக்குத்தான்.

இப்போது மாலை நாலரை மணிக்கு அக்காவும் தம்பியும் வெளி மைதானத்தில் இருக்கிறார்கள். டியூஷன் ஆறரை மணிக்கு மாறிவிட்டது. பள்ளியில் அவள் போர்டைப் பார்த்து எழுதுகிறாள்.

சொல் அறிவோம்

கிட்டப்பார்வை – கிட்டத்தில் தெளிவும் தூரத்தில் மங்கலும்
வெள்ளெழுத்து – வயதானால் கிட்டத்து எழுத்து மங்குவது
விழித்திரை – கண்ணுக்குள் படம் விழும் இடம்

பதில் எழுதுவோம்

1. அந்தப் பெண் ஏன் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினாள்?
2. சிட்னிக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாக இருந்தது ஏன்?
3. கண்ணாடி போட்டால் கண் கெடுமா?

செய்து பார்ப்போம்

ஒரு தாளில் எழுத்துகளைப் பெரிதும் சிறிதுமாக எழுதுங்கள். சுவரில் ஒட்டுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பத்து அடி தூரத்தில் நிறுத்துங்கள். ஒரு கண்ணை மூடி வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை மூடி வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்குத் தெரியும் எழுத்து இன்னொரு பிள்ளைக்குத் தெரியவில்லையா? திட்டாதீர்கள். கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.