பள்ளி வழங்கிக்கு ஏற்ற இயங்குதளம்



நம் பள்ளிக்கென ஓர் இணையத்தளம் அமைத்து, பழைய ஆண்டு மலர்களையும் நிழற்படங்களையும் அதில் ஏற்றி வைப்பதெனப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முடிவு செய்தோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயரும் காலம் இது. நாளை இவ்விடத்தில் பள்ளி இல்லாது போயினும், இங்குப் பயின்றோரின் பெயர்கள் மறையாதிருத்தல் வேண்டும்.

இந்நோக்கத்துடன் சென்ற விடுமுறையில் ஜொகூர்ப் பாலம் கடந்து சிங்கப்பூர் சென்றோம். தேக்காவில் உணவருந்தி, அருகிலுள்ள சிம் லிம் சதுக்கத்தில் கணினிகளைப் பார்வையிட்டோம். "எந்த இயங்குதளம் வேண்டும்?" என்று கடைக்காரர் வினவினார். உடனே விடை கூற இயலவில்லை. அவ்வினாவே இப்பாடமாயிற்று.

வழங்கி என்பது, கேட்போர்க்கெல்லாம் இணையப் பக்கங்களை எடுத்து அனுப்பும் கணினி. அதன் இயங்குதளமோ தோட்டத்துக் கிராணியைப் போன்றது. விடியற்காலைப் பெரட்டில் கிராணி வேலை பிரித்துக் கொடுப்பதுபோல், இயங்குதளம் செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் ஒவ்வொரு நிரலுக்கும் பகிர்ந்தளிக்கிறது. எவர் எதைத் திறக்கலாம் என்னும் சாவிக்கொத்தும் அதனிடமே உள்ளது.

நம்முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் சர்வர். அதன் திரை நமக்குப் பழக்கமானது. ஆயினும் உரிமத்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். மற்றொன்று லினக்ஸ். 1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதனைத் தொடங்கினார். இதனை எவரும் பயன்படுத்தலாம், படியெடுக்கலாம், திருத்தலாம். பழைய கணினியிலும் இது இயங்கும். இணையப் பக்கங்களை வழங்கும் அப்பாச்சி நிரலும் விலையின்றிக் கிடைக்கிறது.

விலையில்லை என்பதால் கவலையில்லை என்று எண்ணிவிடலாகாது. சென்ட்ஓஎஸ் 8 என்னும் லினக்ஸ் வகைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் எனப் பலர் நம்பியிருந்தனர். 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பின்படி, 2021 இறுதியிலேயே அவை நின்றுபோயின. ஆகவே, எத்தனை ஆண்டுகள் திருத்தங்கள் வரும், எவர் அதனைப் பேணுகின்றனர் என்பவற்றை முதலில் கேட்டறிதல் வேண்டும். டெபியன் என்னும் வகையை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் 1993 முதல் பேணி வருகின்றனர். அதன் ஒவ்வொரு நிலைப்பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் திருத்தங்கள் கிடைக்கின்றன.

சிங்கப்பூரில் நின்றபோது, அந்நாட்டின் ஆசிரியரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி அவர்களை நினைவு கூர்ந்தோம். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது, தமிழும் இடம்பெற உழைத்தவர் அவர். 1997 மே மாதம் அங்கு நடந்த தமிழ் இணைய மாநாட்டிலும் அவர் பங்கு பெரிது. 1999இல் மறைந்தார். கணினி கற்றவர் வந்து செய்வார் என்று காத்திராமல், தமிழாசிரியரே கணினியைக் கற்றார் என்பதே நமக்குப் பாடம்.

அந்நாளில் ஒவ்வோர் எழுத்துருவும் வெவ்வேறு குறியீட்டைக் கொண்டிருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் சிதைந்து தெரிந்தது. இன்று யூனிகோடு அக்குறையைப் போக்கியுள்ளது. ஆகவே, நம் மலர்களை யூனிகோட்டிலேயே தட்டெழுதுவோம்.

இறுதியில் டெபியனைத் தேர்ந்தோம். பணம் மிச்சமாவது ஒரு காரணம், அதுவே முதற்காரணமன்று. நாளை பள்ளி இடம் மாறினாலும், நம் தளத்தை எவரிடமும் அனுமதி கேளாமல் வேறொரு கணினிக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால், ஆசிரியர் ஒருவர் மட்டும் அறிந்த கலை, அவர் மாற்றலாகிச் சென்றால் உடன் சென்றுவிடும். ஆதலால் இரண்டு ஆசிரியர்களும் ஒரு முன்னாள் மாணவரும் இதனைக் கற்று வருகின்றனர். செய்முறை யாவும் தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. தகவல்களின் படியொன்று பள்ளிக்கு வெளியே வைக்கப்படும்.

பயிற்சி

1. இயங்குதளத்தைக் கிராணிக்கு ஒப்பிட்டது ஏன்?
2. விலையைவிட முதலில் கேட்டறிய வேண்டியவை யாவை?
3. வீட்டிலுள்ள பழைய பள்ளி நிழற்படம் ஒன்றைக் கொண்டு வருக. அதிலுள்ளோர் பெயர்களைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுக. வழங்கியில் முதலில் ஏறப்போவது அதுவே.