கைமாறிய ஆற்றங்கரை

நுழையும்முன்
ஊரார் கூடும் பொதுவிடத்தை மன்றம் என்றும் பொதியில் என்றும், நீராடவும் நீர் முகக்கவும் இறங்கும் இடத்தைத் துறை என்றும் வழங்கியது தமிழ்மரபு. அவை ஒருவருக்கே உரியன அல்ல, ஊருக்கு உரியன. இக்காலப் பெருநகரங்களிலோ கரையும் துறையும் விலைபேசப்படும் மனைகளாகிவிட்டன. நிலத்தின் உரிமையாளர் மாறும்போது, அந்நிலத்தின்மீது மக்களுக்குள்ள உரிமை என்னவாகும்? நியூயார்க் நகரின் ஓர் ஆற்றங்கரை இவ்வினாவை ஆராயத் துணைசெய்கிறது.

ஆலையும் கரையும்
நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், கிழக்கு ஆற்றின் கரையில் அமைந்தது வில்லியம்ஸ்பர்க். ஹேவ்மேயர் குடும்பத்தார் 1856இல் அங்குச் சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றை நிறுவினர். 1882இல் தீக்கிரையான அவ்வாலை, முன்னினும் பெரிதாக மீண்டும் எழுப்பப்பட்டது. பிற்காலத்தில் 'டோமினோ' என்னும் பெயரால் அறியப்பட்டது. கப்பல்களில் வந்திறங்கிய கச்சாச் சர்க்கரை அங்கே வெண்சர்க்கரையாயிற்று. ஆலைக்கு ஆறு வேண்டியிருந்தது. ஆதலால், ஆலை நின்ற கரை மக்களுக்கு அடைபட்டது. 2004இல் சுத்திகரிப்புப் பணி நின்றது. பழைமையான செங்கற் கட்டடம் 2007இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இரு நிறுவனங்கள், இரு திட்டங்கள்
ஆலை நிலத்தை முதலில் மேம்படுத்த முனைந்தது சி.பி.சி. ரிசோர்சஸ் என்னும் நிறுவனம். 2,200 வீடுகள், அவற்றுள் 660 வீடுகள் குறைந்த வருவாயினர்க்கு உரியவை என்பது அதன் திட்டம். 2010இல் நகரமன்றம் ஒப்புதல் அளித்தது. ஆனால், கடன்சுமையால் அத்திட்டம் நிறைவேறவில்லை. 2012இல் டூ ட்ரீஸ் என்னும் நிறுவனம் 18.5 கோடி டாலருக்கு நிலத்தை வாங்கியது.

முன்னரே ஒப்புதல் பெற்ற திட்டத்தையே புதிய நிறுவனம் கட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், 'ஷாப்' கட்டடக்கலைக் குழுவைக்கொண்டு புதிய திட்டம் வகுத்தது. முன்னதைவிட உயரமான கோபுரங்களுக்கு இசைவு கோரியது; அதற்கு ஈடாகத் திறந்தவெளியை ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுவிப்பதாக அறிவித்தது. நகர நிருவாகம் எளிதில் இசையவில்லை. பேச்சுவார்த்தைக்குப் பின்னர், குறைந்த வாடகை வீடுகளின் எண்ணிக்கை 700ஆக உயர்ந்தது. 2014இல் ஒப்புதல் கிடைத்தது.

ஒரு தெரு செய்த மாற்றம்
நியூயார்க் நகரம் 1993இல் நீர்க்கரை நிலங்களுக்குத் தனி விதிகளை வகுத்தது. கரையில் புதிய குடியிருப்பு எழுப்புவோர் மக்கள் கரையை அணுக வழிவிடவேண்டும் என்பது அவற்றின் சாரம். ஆதலால், நிறுவனம் மாறினும் கடமை நிலத்தோடு நின்றது. எனினும், விதி இடத்தைத் தருமேயன்றி அவ்விடத்தின் இயல்பைத் தராது. அதனை முடிவுசெய்வது வடிவமைப்பே.

அடுக்குமாடியின் வாயிற்படியில் புல்வெளி தொடங்கினால், வழிப்போக்கர் அதனை அங்கு வாழ்வோரின் தோட்டம் என்று எண்ணி ஒதுங்குவர். "அனைவரும் வருக" என்னும் பலகையால் அத்தயக்கம் நீங்காது. புதிய திட்டத்தில், கட்டடங்களுக்கும் பூங்காவுக்கும் இடையே ரிவர் தெரு நீட்டிக்கப்பட்டது. தெரு பொதுவானது, அதன் மறுபுறம் உள்ள பூங்காவும் பொதுவானதாகத் தோன்றிற்று.

ஜேம்ஸ் கார்னர் குழுவினர் வடிவமைத்த டோமினோ பூங்கா, ஏறத்தாழ 5 ஏக்கர் பரப்பில் 2018 ஜூன் திங்களில் திறக்கப்பட்டது. பழைய கிடங்கின் 21 தூண்கள், பாகு சேகரித்த உயர்ந்த கலன்கள், பாரந்தூக்கிகள் ஆகியன அங்கு நிலைநிறுத்தப்பட்டுள்ளன. உழைப்பின் தடங்களை அழிக்காமல் அவற்றினூடே நடைபாதை செல்கிறது.

மறுபக்கம்
இப்பூங்காவைப் பேணும் பொறுப்பு தனியார் நிறுவனத்திடமே உள்ளது. பொதுவிடத்தின் பராமரிப்பு ஒரு நிறுவனத்தின் செல்வநிலையைச் சார்ந்திருப்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. மேலும், கரை அழகுபெறுந்தோறும் அருகிலுள்ள வாடகையும் உயரும் தன்மையது. தலைமுறையாக வாழ்ந்த எளியோர் வாடகை தாங்காமல் வெளியேற நேர்ந்தால், திறந்த கரையால் அவர்களுக்கு என்ன பயன்? பூங்காவையும் குறைந்த வாடகை வீடுகளையும் ஒருசேரக் கேட்டுப்பெறவேண்டிய காரணம் இதுவே.

நிறுவனங்கள் வரும், போகும். கட்டடங்களும் மாறும். நிலைத்து நிற்பவை, எழுதப்பட்ட விதியும் அதனைக் கேட்டுப்பெறும் மக்களின் விழிப்புமே. நல்ல வடிவமைப்பு அவ்வுரிமைக்கு உருவம் தருகிறது. ஒரு நகரத்தின் பண்பாட்டை அதன் கோபுரங்களின் உயரத்தால் மட்டும் அளத்தல் கூடாது. எவரும் தயக்கமின்றி நீரருகே சென்று அமர இயல்கிறதா என்பதாலும் அளத்தல் வேண்டும்.

தெரியுமா?
கிடங்கு இடிக்கப்படுமுன், 2014இல் கலைஞர் காரா வாக்கர் அங்குச் சர்க்கரை பூசிய மாபெரும் பெண்ணுருவச் சிற்பம் ஒன்றை அமைத்தார். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தோரின் துயரை நினைவூட்டிய படைப்பு அது.

கற்பவை கற்றபின்
1. உங்கள் ஊரின் ஆற்றங்கரை, குளக்கரை அல்லது கடற்கரையைப் பார்வையிட்டு, மக்கள் தடையின்றி அணுகும் இடங்களையும் அணுக இயலாத இடங்களையும் வரைபடத்தில் குறிக்க.
2. 'பொதுவிடத்தைப் பேணும் பொறுப்பு அரசுக்கா, தனியாருக்கா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.