கறுப்புப் புகை கக்கும் லொறி: காற்றுக் கசிவைக் கண்டுபிடித்துத் திருத்துவோம்



கொழுந்து லொறி மேட்டில் முக்கி நின்றால் அது டிரைவரின் பாடு மட்டுமல்ல, நம் எல்லோருடைய பாடும்தான். மூட்டைக்குள் அடைபட்ட கொழுந்து சூடேறிச் சிவந்து போகும். அப்படிப்பட்ட கொழுந்தில் நல்ல தேயிலை வராது. பின்னால் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் கறுப்புப் புகையைச் சுவாசிக்கிறார்கள். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

இன்னொரு கஷ்டமும் உண்டு. லொறி வழக்கத்தை விட டீசல் குடித்தால் முதல் பழி டிரைவர் மேல்தான் விழும். "டீசலை எடுத்து வித்துட்டான்", "ஓட்டத் தெரியாம ஓட்டுறான்" என்று பேச்சு வரும். உண்மையான குற்றவாளி ஒரு றப்பர் ஹோஸில் உள்ள விரல் நீள வெடிப்பாக இருக்கலாம். ஆகவே டர்போ பூட்டிய டீசல் எஞ்சினில் காற்றுக் கசிவைத் தேடிப் பிடிப்பது எப்படி என்று இம்முறை படிப்போம்.

எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

ஒரு லீற்றர் டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 10,000 லீற்றர் காற்று வேண்டும். நம் மலைநாட்டில் காற்று மெலிவு. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்வதுதான் டர்போ. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டில் உள்ள மற்றச் சக்கரம் வெளிக் காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சிறிய டர்போ நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேலும் சுற்றும்.

காற்று போகும் வழியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: ஏர் கிளீனர், அதிலிருந்து ஹோஸ், டர்போ, குழாய், காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலர், மறுபடி குழாய், இன்லெட் மெனிபோல்ட், கடைசியில் சிலிண்டர். ஒவ்வொரு மூட்டிலும் ஹோஸும் கிளிப்பும் இருக்கும். கசிவு பெரும்பாலும் இந்த மூட்டுகளில்தான்.

இரண்டு வகைக் கசிவு

முதலாவது, டர்போவுக்கு முந்திய கசிவு. இங்கே எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. ஓட்டை இருந்தால் ஏர் கிளீனரைத் தொடாமலே தோட்டத்து ரோட்டுப் புழுதி நேரே உள்ளே போகும். சத்தமும் இராது, புகையும் அவ்வளவாக இராது. ஆனால் டர்போவின் இதழ்களும் சிலிண்டர் சுவரும் பிஸ்டன் வளையமும் அரைபட்டுப் போகும். கடைசியில் எஞ்சினையே இறக்க வேண்டி வரும்.

இரண்டாவது, டர்போவுக்குப் பிந்திய கசிவு. அழுத்திய காற்று வெளியே ஓடிவிடும். இழுவை குறையும், மேட்டில் "உஸ்" என்று சத்தம் வரும், கறுப்புப் புகை வரும், டீசல் செலவு ஏறும். கம்பியூட்டர் உள்ள புதிய எஞ்சினாக இருந்தால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும்.

புகையின் நிறத்தைப் பாருங்கள்

இழுவையும் இல்லை, கறுப்புப் புகையும் இல்லை என்றால் முதலில் டீசல் பில்டர் அடைப்பைப் பாருங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல் அல்லது தண்ணீர். இழுவைக் குறைவும் கறுப்புப் புகையும் சேர்ந்து வந்தால்தான் காற்றுப் பக்கம் போக வேண்டும். அங்கேயும் முதல் வேலை ஏர் கிளீனரைக் கழற்றிப் பார்ப்பது. அடைபட்ட பில்டரும் இதே குணத்தைக் காட்டும்.

நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் இதைப் பார்க்காமலே இன்ஜெக்டரைக் கழற்றினார்கள், பம்பைக் கழற்றினார்கள். காசு போனது, புகை போகவில்லை. டிரைவரிடம் விளக்கக் கடிதமும் கேட்டார்கள். கடைசியில் இன்டர்கூலருக்குக் கீழே, சேஸியில் உரசி உரசிக் கிழிந்த ஒரு ஹோஸ் அகப்பட்டது. வெளியே இருந்து பார்த்தால் மேல்பக்கம் புதிசு போலவே இருந்தது.

தேடும் முறை

ஒன்று: எஞ்சினை நிறுத்தி ஆற விடுங்கள். சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். டோச் லைட் அடித்து ஒவ்வொரு ஹோஸையும் கையால் தடவி, அமுக்கி, அடிப்பக்கத்தையும் பாருங்கள். அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும் வெடிப்பு சும்மா பார்த்தால் தெரியாது. காற்றோடு கொஞ்சம் ஒயில் ஆவியும் போவதால் கசிகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் சேர்ந்து கறுத்திருக்கும். அது நல்ல துப்பு.

இரண்டு: ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஹோஸைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் புழுதி வந்தால் அந்தப் பக்கத்தில் கசிவு இருக்கிறது, அல்லது பில்டர் சரியாக உட்காரவில்லை.

மூன்று: மேலே எதுவும் அகப்படாவிட்டால் காற்று ஏற்றிப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் எஞ்சினை முறுக்கிக் கேட்டால் போதாது. சுமை இல்லாமல் டர்போ முழு அழுத்தம் கொடுக்காது. டர்போவின் காற்று வாய்க்குப் பொருந்தும் ஒரு மூடியில் டியூப்லெஸ் டயர் வால்வைப் பூட்டி, அதை அந்த வாயில் கிளிப் போட்டு இறுக்குங்கள். கொம்பிரசரில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மீற்றர் கட்டாயம் இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக 10 இறாத்தல் வரை ஏற்றுங்கள். தேவையென்றால் 15 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு சவர்க்காரத் தண்ணீரை எல்லா மூட்டிலும் இன்டர்கூலர் ஓரங்களிலும் தெளியுங்கள். நுரை பொங்குகிற இடமே கசிகிற இடம். எஞ்சின் வால்வு திறந்து நிற்பதால் சைலன்சர் வழியாகவோ ஒயில் மூடி வழியாகவோ கொஞ்சம் காற்று போகலாம். அதைக் கசிவென்று எண்ண வேண்டாம்.

உயிருக்கு ஆபத்தானவை

மூடிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். அது குண்டு போலத் தெறிக்கலாம். காற்றை முழுதாக இறக்கிய பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது காற்றாடிப் பக்கம் கையையோ தொங்கும் துணியையோ கொண்டு போகக்கூடாது. பெற்றோல் எஞ்சினில் செய்வது போல, ஓடுகிற டீசல் எஞ்சினின் ஹோஸ் மேல் எரியக்கூடிய ஸ்பிரே அடித்துச் சோதிக்கவே கூடாது. உறிஞ்சினால் அதுவே எரிபொருளாகி, எஞ்சின் சாவியை மூடினாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடலாம்.

திருத்தும் முறை

கிளிப் தளர்ந்திருந்தால் முதலில் கழற்றுங்கள். குழாய் முனையையும் ஹோஸின் உள்பக்கத்தையும் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடையுங்கள். குழாய் முனையில் ஒரு புடைப்பு வளையம் இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டிப் போக வேண்டும். கிளிப் அந்த வளையத்துக்குப் பின்னால் உட்கார வேண்டும். அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் ஹோஸ் அறுபடும்.

வெடித்த ஹோஸை மாற்றத்தான் வேண்டும். சைக்கிள் டியூப் சுற்றுவதும் டேப் ஒட்டுவதும் வீடு வந்து சேர மட்டும் உதவும். புதியது வாங்கும்போது டர்போ அழுத்தத்தையும் சூட்டையும் ஒயிலையும் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஹோஸ் இதற்கு உதவாது. பழையது எங்கே உரசியது என்று பார்த்து, அந்த இடத்திலிருந்து விலக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் புதிசும் கிழியும். இன்டர்கூலர் அலுமினியம் வெடித்திருந்தால் அலுமினிய வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். குழாய்க்குள் ஒயில் தேங்கி நின்றால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள், டர்போ பழுதாகியிருக்கலாம்.

எல்லாம் பூட்டியதும் மறுபடி காற்று ஏற்றிச் சோதியுங்கள். பிறகு அதே மேட்டில், அதே சுமையோடு, அதே கியரில் ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

எழுதி வையுங்கள்

டிரைவர்மாருக்கு ஒரு சொல். இழுவை குறைந்த அன்றே ரனிங் சார்ட்டில் திகதியோடு எழுதுங்கள், அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். எத்தனை கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்பதைக் கிழமைக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 2022ஆம் ஆண்டு டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறிய காலம் நமக்கு மறக்காது. எழுத்தில் இருக்கும் கணக்கு திருட்டுப் பழியிலிருந்து உங்களைக் காப்பாற்றும். வாய்ப்பேச்சு காப்பாற்றாது. வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் லொறி தடையின்றித் தேறும்.

லொறியில் கூடப் போகிற கிளீனர் தம்பிமாரும் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பழகிக்கொள்ளுங்கள். கையில் தொழில் உள்ளவர்களைப் பரீட்சித்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. பள்ளிப் படிப்பு குறைவு என்று ஒதுங்க வேண்டியதில்லை. விருப்பமுள்ளவர்கள் தோட்ட நலன்புரி அலுவலகத்தில் வந்து கேளுங்கள். விண்ணப்பம் நிரப்ப நாம் உதவுவோம்.