சேற்றில் புதையும் டிராக்டருக்குப் பெரிய டயர் தேவையா?

திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய மூன்று பட்டங்களிலும் நெல் பயிரிடப்படுகின்றது. பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் சேடை ஓட்டும் நாட்களில், டிராக்டர் ஒன்று சேற்றில் அமிழ்ந்து நிற்பதும், அதை இழுக்க வந்த மற்றொன்றும் உடன் அமிழ்வதும் பலரும் கண்ட காட்சியே. ஒரு நாள் உழவு கெடுவதோடு, கிளட்ச் தேய்மானமும் டீசல் செலவும் சேர்ந்துகொள்கின்றன.

இந்நிலையில், "பின் டயரைப் பெரிதாக்கி, வண்டியையும் சற்று உயர்த்திவிட்டால் என்ன?" என்று உழவர்கள் கேட்கின்றனர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றி இரும்பு உருட்டாலைகளும் வெல்டிங் பட்டறைகளும் உள்ளன. பழைய டயரும் ரிம்மும் கிடைக்கின்றன. ஆகவே இவ்வேலையை மலிவாக முடித்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் எதை முதலில் செய்யவேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்கினால்தான் பணமும் மிஞ்சும், உயிருக்கும் ஆபத்து நேராது.

டிராக்டர் ஏன் புதைகின்றது?

35 முதல் 45 குதிரைத்திறன் உள்ள டிராக்டர் ஏறத்தாழ 1,800 முதல் 2,000 கிலோ எடை உடையது. இந்த எடையைச் சேறு தாங்குவதில்லை. சேற்றுக்கு அடியில் உள்ள கெட்டியான அடித்தளமே தாங்குகின்றது. ஆண்டுதோறும் சேடை ஓட்டிய வயல்களில் இந்த அடித்தளம் உறுதியாக இருக்கும். ஆழ உழுது அதை உடைத்த இடத்திலும், ஏரிக் கலங்கலை ஒட்டிய உளைச்சேற்றிலும், மண் எடுத்து மூடிய பள்ளத்திலும் அது இராது.

சக்கரம் ஓரிடத்தில் சுழலத் தொடங்கினால் டயரின் பட்டைகள் மண்ணைப் பின்னோக்கி வாரி எறிகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் குழி ஆழமாகின்றது. கடைசியில் பின் அச்சுப் பெட்டி சேற்றில் உட்கார்ந்துவிடுகின்றது. எனவே நமக்கு முதலில் வேண்டியது உயரம் அன்று. எடை பரவலாக இறங்கவேண்டும். சக்கரம் சறுக்காமல் மண்ணைப் பிடிக்கவேண்டும்.

முதலில் சறுக்கலை அளந்து பாருங்கள்

பின் டயரின் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இடுங்கள். கருவியைத் தூக்கிய நிலையில், கெட்டியான தரையில் சக்கரம் சரியாகப் பத்துச் சுற்றுச் சுற்றும் வரை ஓட்டி, கடந்த தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு வயலில் கருவியை இறக்கி, உழுதுகொண்டே அதே பத்துச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகின்றது என்று பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, முதல் தூரம் 39 மீட்டர், இரண்டாவது 33 மீட்டர் என்று கொள்வோம். வித்தியாசம் 6 மீட்டர். இதை 39ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் சறுக்கல் ஏறத்தாழ 15 விழுக்காடு. உலர் நிலத்தில் 10 முதல் 15 விழுக்காடு வரை சறுக்கல் இருப்பது நல்லது. சேற்றில் இது கூடுதலாகவே இருக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டால் சக்கரம் குழி பறிக்கத் தொடங்கிவிட்டது என்று அறிந்து, உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள்.

கைச்செலவு இல்லாத திருத்தங்கள்

காற்று: சரக்கு இழுக்க ஏற்றிய காற்றோடு அப்படியே வயலில் இறங்குவது பெரும்பாலோர் செய்யும் தவறு. மென்மையான நிலத்தில் டயர் தரையை அழுத்தும் அழுத்தம், பெருமளவு அதனுள் உள்ள காற்றின் அழுத்தத்தை ஒட்டியே அமையும். பின் டயரில் சதுர அங்குலத்துக்கு 18 பவுண்டு இருந்ததை 12 பவுண்டாகக் குறைத்தால் அழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். டயர் பரந்து படியும். கைப்புத்தகத்தில் குறித்த அளவுக்குக் கீழே இறக்கவேண்டாம். இறக்கினால் டயர் ரிம்மில் நழுவி டியூபின் வால்வு அறுந்துபோகும். மீண்டும் டிரெய்லர் மாட்டிச் சாலையில் ஏறுமுன் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

எடை: புழுதி உழவில் பிடிப்பு வேண்டி பின் டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவதும், இரும்பு எடைகளை மாட்டுவதும் வழக்கம். உலர் நிலத்தில் இது சிறந்த முறை. சேற்றிலோ இதுவே எதிரியாகிவிடுகின்றது. டயரின் அளவைப் பொறுத்து ஒவ்வொன்றிலும் 150 கிலோவுக்கு மேற்பட்ட தண்ணீர் இருக்கக்கூடும். சேடைக்கு இறங்குமுன் தண்ணீரை வடித்து, சக்கர எடைகளையும் கழற்றிவிடுங்கள்.

சக்கர இடைவெளி: பெரும்பாலான டிராக்டர்களில் பின் சக்கரங்களின் இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு. சற்று அகலமாக வைத்தால் வரப்பு ஏறும்போதும் சரிவிலும் வண்டி உறுதியாக நிற்கும். சக்கரங்களை இடம் மாற்றிப் பூட்டும்போது, டயர்ப் பக்கத்தில் உள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையையே காட்டவேண்டும். தலைகீழாகப் பூட்டினால் பட்டைகளில் சேறு அடைத்துப் பிடிப்பு போய்விடும்.

நிலம்: உழவுக்கு முன் விரல் பருமனுள்ள இரும்புக் கம்பியை வயலில் பல இடங்களில் குத்திப் பாருங்கள். ஓரடிக்கு மேல் தடையின்றி இறங்கும் இடங்களில் குச்சி நட்டு அடையாளம் செய்து, டிராக்டரை அங்கே விடாதீர்கள். அவ்விடத்துக்குப் பவர் டில்லரே ஏற்றது. சேடையின்போது தண்ணீரை இரண்டு அங்குல அளவில் வைத்தால் போதும். முழங்கால் அளவு தண்ணீர் கட்டினால் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது.

குறைந்த செலவில் நிறைந்த பயன்: அரைக் கேஜ் வீல்

டயரோடு சேர்த்துப் பூட்டப்படும் அரைக் கேஜ் வீல்தான் நெல் வயலுக்கு ஏற்ற "பெரிய டயர்". சேற்றில் இது அகலத்தைக் கூட்டி எடையைப் பரப்புகின்றது. பட்டைகள் மண்ணைப் பிடிக்கின்றன. தயாராகக் கிடைப்பதை வாங்கலாம். பட்டறையில் ஆங்கிள் இரும்பைக் கொண்டும் செய்து வாங்கலாம்.

செய்யச் சொல்லும்போது மூன்றைக் கவனியுங்கள். கேஜ் வீலின் விட்டம் டயரின் விட்டத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கவேண்டும். அப்போதுதான் கெட்டித் தரையில் டயர் எடையைத் தாங்கும். இரண்டு பக்கமும் அளவும் எடையும் ஒன்றாக இருக்கவேண்டும். உங்கள் டிராக்டரின் சக்கரத் துளைகளுக்குச் சரியாகப் போல்ட் பொருந்தவேண்டும். வயலில் ஒரு மணி நேரம் ஓட்டியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்குங்கள். கேஜ் வீலோடு சாலையில் ஓட்டுவதைத் தவிர்க்கவும்.

பெரிய டயர்: கணக்குப் பார்த்த பின்னரே

இவ்வளவும் செய்தும் போதவில்லை என்றால் டயர் அளவைப் பற்றி யோசிக்கலாம். பழக்கத்தில் உள்ள பின் டயர்களின் ஏறத்தாழ அளவுகள் பின்வருமாறு.

12.4-28 — அகலம் 315 மி.மீ., விட்டம் 1,260 மி.மீ.
13.6-28 — அகலம் 345 மி.மீ., விட்டம் 1,310 மி.மீ.
14.9-28 — அகலம் 378 மி.மீ., விட்டம் 1,365 மி.மீ.

13.6-28 டயரைக் கழற்றி 14.9-28 போடுவதாகக் கொள்வோம். விட்டம் 55 மி.மீ. கூடுகின்றது. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதியே, அதாவது சுமார் 27 மி.மீ., ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். அகலம் கூடுவது சுமார் 33 மி.மீ. புது டயர்ச் சோடிக்குக் கொடுக்கும் பணத்துக்கு நமக்குக் கிடைப்பது இவ்வளவே.

இதற்கு ஈடாக நாம் கொடுப்பதையும் பார்க்கவேண்டும். சக்கரத்தின் சுற்றளவு 4 விழுக்காடு கூடுவதால், அதே கியரில் வேகமும் 4 விழுக்காடு கூடி, இழுவிசை ஏறத்தாழ அதே அளவு குறையும். மட்கார்டில் டயர் உரசாமல் இருக்கச் சக்கர இடைவெளியைக் கூட்டவேண்டியிருக்கும். பின்புற இணைப்புக் கம்பிகளின் உயரம் மாறுவதால் ரோட்டவேட்டரின் அமைப்பையும் மறுபடி சரிசெய்யவேண்டும்.

ஆகவே டயர் மாற்றுவோர் ஒரு படிக்கு மேல் போகவேண்டாம். அந்த அளவு உங்கள் டிராக்டருக்கு உரியதென்று கைப்புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கவேண்டும். 13.6-28, 14.9-28 ஆகிய இரண்டு அளவுகளையும் தயாரிப்பாளரே அனுமதிக்கும் மாடல்கள் உண்டு. பழைய டயர் தேய்ந்து, எப்படியும் புதிது வாங்கும் நேரமே மாற்றத்துக்கு ஏற்ற நேரம்.

நான்கு சக்கர இயக்கம் உள்ளவர்களுக்கு

நான்கு சக்கரங்களும் இழுக்கும் டிராக்டரில், முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சிறிதளவு வேகமாக உருளும்படி பற்சக்கரக் கணக்கு அமைக்கப்பட்டுள்ளது. இந்த முந்துதல் 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பின் டயரை மட்டும் 4 விழுக்காடு பெரிதாக்கினால் முன் சக்கரம் பின்தங்கிவிடும். அது இழுப்பதற்கு மாறாகப் பிரேக் போலத் தடுக்கும். முன் டயர் தேய்வதோடு, முன் அச்சின் பற்சக்கரங்களும் கெடும். இத்தகைய டிராக்டரில் முன், பின் டயர்களைத் தயாரிப்பாளர் குறித்த இணையாகவே மாற்றவேண்டும்.

பட்டறையில் கவனிக்கவேண்டியவை

பழைய டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் வெடிப்பும், ஓரக் கம்பி வெளியே தெரிவதும் உண்டா என்று பாருங்கள். தயாரிப்புத் தேதி நான்கு இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம்.

ஒவ்வொரு டயருக்கும் உரிய ரிம் அகலம் உண்டு. குறுகலான ரிம்மை வெட்டித் தகடு வைத்து அகலப்படுத்தித் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் எக்காரணம் கொண்டும் வெல்டிங் வைக்கக்கூடாது. காற்றை இறக்கிவிட்டோம் என்பது பாதுகாப்பு ஆகாது. வெப்பத்தால் உள்ளே வாயு உண்டாகி டயர் வெடித்து, அருகில் நிற்பவர் உயிரிழக்க நேரிடும். விரிசலை அடைப்பதானாலும் டயரை முழுவதும் கழற்றிய பின்னரே செய்யவேண்டும். புது டயரை ரிம்மில் உட்காரவைக்கக் காற்று ஏற்றும்போது 35 பவுண்டுக்கு மேல் போகாமல், டயருக்கு நேர் எதிரே நிற்காமல், பின்புறம் ஒதுங்கி நில்லுங்கள்.

வண்டியை உயர்த்தலாமா?

டிராக்டரின் முன் அச்சில் தகடும் கட்டையும் வைத்து உயர்த்துவது கூடவே கூடாது. பண்ணை ஜீப்பிலும், சிறு லாரியிலும் பட்டை வில்லுக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைப்பது, வில்லின் தொங்குபட்டையை நீளமாக்குவது போன்ற வேலைகள் நடக்கின்றன. உயரம் கூடினால் எடையின் மையமும் மேலே போகின்றது. வளைவில் வண்டி எளிதில் கவிழும். இயக்கத் தண்டின் கோணம் மாறி இணைப்புகள் தேயும். பிரேக் குழாய் இழுபட்டு அறுந்தால் நடுச்சாலையில் பிரேக் இராது. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு, கனரக லாரிகள் ஓடும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையைக் கடக்கவேண்டிய நமக்கு இது விளையாட்டல்ல.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடுமாறு வாகனத்தை மாற்றக்கூடாது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் சிக்கல் எழும்.

ஜீப் சேற்றில் சிக்குகின்றதென்றால், களத்துமேட்டுக்குச் செல்லும் வண்டிப்பாதையில் நான்கு டிராக்டர் செம்மண்ணும் உடைகல்லும் கொட்டி, ஓரத்தில் வடிகால் வெட்டுங்கள். அது வண்டியை உயர்த்துவதைவிட மேலானது.

புதைந்துவிட்டால்

சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்காதீர்கள். கருவியைக் கழற்றுங்கள். சக்கரங்களுக்குப் பின்னால் சேற்றை வெட்டி, வைக்கோலோ பலகையோ போட்டு, தாழ்ந்த கியரில் பின்னோக்கி மெல்ல எடுங்கள். டிபரன்ஷியல் பூட்டைச் சக்கரம் சுழலத் தொடங்குமுன் போட்டு, நேராகவே ஓட்டி, திரும்புமுன் எடுத்துவிடுங்கள்.

பின் சக்கரங்களின் குறுக்கே மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி முன்னோக்கி ஏற்றும் பழக்கம் மிகக் கொடியது. கட்டை தரையில் முட்டிச் சக்கரம் நின்றுவிட்டால், எஞ்சினின் விசை டிராக்டரின் முன்பகுதியைத் தூக்கும். கண் இமைக்கும் நேரத்தில் வண்டி பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுநரை அடியில் அமுக்கிவிடும். குதித்துத் தப்ப நேரம் இராது.

நினைவிற் கொள்க

முதலில் காற்றைக் குறைக்கவேண்டும். பிறகு தண்ணீரையும் எடையையும் நீக்கவேண்டும். அதன்பின் அரைக் கேஜ் வீல் பூட்டவேண்டும். இம்மூன்றும் போதாதபோது மட்டுமே ஒரு படி பெரிய டயர். வண்டியை உயர்த்துவது எப்போதும் வேண்டாம்.

ஐயம் உள்ளவர்கள் அருகில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ, திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். டயர் வாங்கப் புறப்படும் முன் சுண்ணாம்புக் கோடு இட்டுப் பத்துச் சுற்று ஓட்டிப் பாருங்கள். பெரிய டயருக்கு வைத்திருக்கும் பணம் உங்கள் கையிலேயே நிற்கக்கூடும்.